இத்தாலிக் குடும்பப் பேரு எங்கருந்து வந்துச்சுன்னு தேடுறது எப்படி? எஸ்போசிட்டோவ வச்சு ஒரு கைட்

நாலு வருஷம் முன்னாடி என் கூட வேலை பாத்த அர்ஜென்டினாக்காரர் ஒருத்தர், அவர் பேரு எஸ்போசிட்டோன்னு முடியும், ஒரு நாள் லஞ்ச் டைம்ல ஃபோன்ல ஒரு படம் காட்டினார். ஒரு கேடயம், அதுல சிங்கம், மேல கிரீடம், கீழ ரிப்பன்ல அவரோட குடும்பப் பேரு. "எங்க வம்சச் சின்னம், ஆன்லைன்ல வாங்கி ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டிருக்கேன்"னு ஒரே பெருமை. எனக்கு அப்ப இதப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது, சூப்பரா இருக்குன்னு சொல்லிட்டு என் தயிர்சாதத்தப் பாத்துக்கிட்டேன். அப்புறம் அவரோட கொள்ளுத்தாத்தா எந்த ஊர்க்காரர்னு ரெண்டு பேரும் சேந்து தேட உக்காந்தப்பதான் விஷயமே புரிஞ்சுது, அந்தப் பேருக்கும் சிங்கத்துக்கும் ஸ்நானப்ராப்தி கூட கெடையாது, அது யாருன்னே தெரியாத ஆளுங்க ராத்திரியில விட்டுட்டுப் போன குழந்தைங்களுக்கு வச்ச பேரு.

அந்தத் தேடல்ல நான் கத்துக்கிட்டத, புதுசா இதுல இறங்குறவங்களுக்காக வரிசையா சொல்றேன். நம்மாளுங்களுக்கு குடும்பப் பேருங்கறதே பழக்கம் இல்ல, அப்பா பேரோட முதல் எழுத்து இனிஷியலா வரும், அடுத்த தலைமுறையில அதுவும் மாறிடும். ஆனா ரெண்டு இத்தாலிக் குடும்பப் பேரு நமக்கு ஸ்கூல்லயே தெரியும். தேம்பாவணி எழுதின வீரமாமுனிவரோட சொந்தப் பேரு கொஸ்டான்ஸோ ஜுசெப்பே பெஸ்கி, மதுரையில இருந்த தத்துவ போதகர் ராபர்ட் டி நொபிலி. பெஸ்கி, டி நொபிலி ரெண்டுமே குடும்பப் பேருதான்.

ஸ்டெப் 1: பேர சரியா வாசிங்க

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா இங்கதான் பாதிப் பேரு வழுக்குவாங்க. இத்தாலியன்ல சி-யும் ஹெச்-சும் சேந்து வந்தா 'க' சத்தம், அதனாலதான் 'பெஸ்கி', பெஸ்சி இல்ல, இந்த விஷயத்துல தமிழ்ப் பாடப்புத்தகம் கரெக்ட். ஜி-யும் என்-னும் சேந்தா 'ன்ய', குடும்பப் பேருக்கு இத்தாலியன்ல 'கோன்யோமே'ன்னு சொல்றது அப்படித்தான். எஸ்போசிட்டோவ அமெரிக்காவுல 'சி'-ல அழுத்திச் சொல்வாங்க, இத்தாலியில அழுத்தம் 'போ'-ல விழும். அர்ஜென்டினா போனவங்க ஸ்பானிஷ் வழக்கப்படி அந்த ஓ மேல ஒரு கோடு போட்டு எழுதுவாங்க. தேடும்போது கோடு போட்டும் போடாமலும், இரட்டை எழுத்த ஒத்தையாக்கியும், 'டி', 'டெ' எல்லாம் சேத்தும் பிரிச்சும் எல்லா விதமாவும் அடிச்சுப் பாருங்க.

கப்பல்ல வந்தவங்கள சோதிச்சு அமெரிக்காவுக்குள்ள விட்ட நியூயார்க் எல்லிஸ் தீவுல ஆபீசர் பேர மாத்திட்டார்னு அமெரிக்க இத்தாலியக் குடும்பம் எல்லாத்துலயும் ஒரு கதை ஓடும். அங்க இருந்தவங்க கையில கப்பல் லிஸ்ட் இருந்துச்சு, அது கப்பல் ஏறுற துறைமுகத்துலயே எழுதி வந்தது, இவங்க அத வச்சு டிக் அடிச்சாங்க, அவ்வளவுதான். பேரு மாறினது பெரும்பாலும் அப்புறம், ஸ்கூல்லயும் வேலை எடத்துலயும், அவங்க வசதிக்கு அவங்களே மாத்திக்கிட்டது.

ஸ்டெப் 2: பேருக்கு முன்னாடி ஊரு

இத நான் மொதல்ல யாரும் சொல்லாம மூணு வீக்எண்ட் வேஸ்ட் பண்ணினேன். நண்பரோட கொள்ளுத்தாத்தா வந்த கப்பல் பேப்பர்ல 'நேப்பிள்ஸ்'னு இருந்துச்சு, நானும் நேப்பிள்ஸ் சிட்டி பதிவேட்டையே புரட்டிக்கிட்டு இருந்தேன், அங்க எஸ்போசிட்டோ ஒரு பக்கத்துக்கு நாலு பேரு வர்றாங்க, அதுல பாதிப் பேருக்கு ஜென்னாரோன்னு ஊர்க் காவல் தெய்வமான புனிதரோட பேரு வேற. கடைசியில பாத்தா நேப்பிள்ஸ் அவர் கப்பல் ஏறின துறைமுகம், சொந்த ஊரு சலேர்னோ பக்கம் மலைமேல ஒரு குட்டி ஊரு. அவங்க பாட்டியோட பெட்டியில இருந்த சர்ச் கல்யாண சர்டிஃபிகேட்ல அது தெளிவா எழுதியிருந்துச்சு, யாரும் பிரிச்சுப் பாக்கல.

இத்தாலியில எல்லாப் பதிவும் 'கொமூனே' கணக்குதான், நம்ம ஊராட்சி, நகராட்சி மாதிரின்னு வச்சுக்கோங்க. அந்த கொமூனே பேரு தெரியாம பேர மட்டும் வச்சுத் தேடுறது, சென்னையில போய் 'முருகன் வீடு எங்க'ன்னு கேக்குற மாதிரி. அதனால வீட்டுல இருக்குற கல்யாணப் பத்திரம், ஞானஸ்நான சீட்டு, கல்லறைக் கல்லு, பட்டாளத்துப் பேப்பர், லெட்டர் கவர் எல்லாத்தையும் முதல்ல பாத்துடுங்க.

ஸ்டெப் 3: பேரு என்ன வகைன்னு பிரிங்க

இத்தாலிக் குடும்பப் பேரு முக்காவாசி நாலு வகைக்குள்ள அடங்கிடும். அப்பா பேரு (டி ஸ்டெஃபானோன்னா ஸ்டெஃபானோவோட மகன்), தொழில், ஊரு, பட்டப்பேரு. இத்தாலியில நம்பர் ஒன் குடும்பப் பேரு ரோஸ்ஸி, ரெண்டாவது ரூஸ்ஸோ, ரெண்டுமே 'சிவப்பு'தான். எவனோ ஒருத்தனுக்கு செம்பட்டை முடியோ சிவந்த தாடியோ இருந்துருக்கும், அவன் பிள்ளைங்க எல்லாம் 'செவப்பன் வீட்டாளுங்க' ஆயிட்டாங்க. கடைசியில வர்ற 'இ' சத்தம் பன்மை, வீட்டாளுங்கன்னு சொல்றது அதுதான். வடக்கு, நடு இத்தாலியில ரோஸ்ஸி, தெற்குல ரூஸ்ஸோ. ஆக பைக் ரேஸ் வேலன்டினோ ரோஸ்ஸிக்கும் 1982 உலகக் கோப்பையில கோல் அடிச்ச பாவ்லோ ரோஸ்ஸிக்கும் ஒறவு இருக்கணும்னு எந்த அவசியமும் இல்ல, ஊருக்கு ஊரு ஒரு செவப்பன் இருந்துருப்பான்.

எனக்குப் புடிச்சது கொல்லன் பேருதான். இரும்படிக்கிறவன் வடக்குல எமிலியா, லொம்பார்டி பக்கம் ஃபெராரி, பீட்மான்ட்ல ஃபெரேரோ, தெற்குல ஃபெராரோ, வெனிஸ் பக்கம் ஃபாவேரோ, டஸ்கனி, ரோமான்யா பக்கம் ஃபாப்ரி. காரும் சாக்லேட்டும் ஒரே பட்டறைப் பேருலருந்து வந்துருக்கு பாருங்க. அர்த்தம் ஒண்ணு, கடைசி எழுத்து மட்டும் ஊரக் காட்டிக் குடுத்துடும். இதே மாதிரி கடைசி எழுத்த வச்சே நிறைய சொல்லலாம், 'ன்'னு சட்டுனு நின்னா (ட்ரெவிசான், ஃபுர்லான்) வெனிஸ் சைடு, 'ஸ்'ல முடிஞ்சா (பிராஸ், மெலிஸ்) பெரும்பாலும் சர்தீனியா, 'யெல்லோ'ன்னு வந்தா நேப்பிள்ஸ் சைடு. டி நொபிலியில இருக்குற 'டி'யப் பாத்து எல்லா 'டி'யும் ஜமீன்தார்னு நெனச்சுடாதீங்க, தெற்குல 'டி', 'டெ' போட்ட பேரு ஆயிரக்கணக்குல இருக்கு, அது சும்மா 'இன்னாரோட மகன்'.

ஸ்டெப் 4: மேப்ல பரவல் பாருங்க

எத்தனை பேருக்கு அந்தப் பேரு இருக்கு, எங்க இருக்காங்கன்னு பாக்க காக்னோமிக்ஸ், ஜென்ஸ் மாதிரி சைட்டுங்க இருக்கு, பேர அடிச்சா இத்தாலி மேப்ல புள்ளி புள்ளியாக் காட்டும். உலக அளவுல பாக்கணும்னா ஃபோர்பேர்ஸ். எஸ்போசிட்டோ இத்தாலி முழுக்கக் கணக்குல முதல் அஞ்சு எடத்துக்குள்ள வர்ற பேரு, ஆனா மேப்ப பாத்தா நேப்பிள்ஸ் வளைகுடாவச் சுத்தி அப்பிக்கிட்டு இருக்கும், கம்பானியா மாநிலத்துல அதுதான் ராஜா.

இதுல ஏமாறக் கூடாத விஷயம் ரெண்டு. ஒண்ணு, இந்தக் கணக்கு பெரும்பாலும் டெலிஃபோன் டைரக்டரியிலருந்து எடுத்தது, ஆளுங்க எண்ணிக்கை இல்ல, குடும்பங்களோட தோராயக் கணக்கு. இன்னொண்ணு, டூரின், மிலன், ரோம்ல எல்லாப் பேரும் நிறைய காட்டும், ஏன்னா 1950, 60-கள்ல தெற்குலருந்து ஃபேக்டரி வேலைக்கு வண்டி வண்டியா ஜனம் வடக்க போயிடுச்சு. டூரின்ல எஸ்போசிட்டோ இருக்குறது கார் கம்பெனியால, வரலாறு அங்க ஆரம்பிக்கல. பெரிய சிட்டிய ஒதுக்கிட்டு, சின்ன ஊருங்கள்ல எங்க கூட்டமா இருக்குன்னு பாருங்க. பெஸ்கின்னு போட்டா லொம்பார்டியில பிரெஷ்ஷா பக்கம் நிக்கும், வீரமாமுனிவர் 1680-ல பொறந்த காஸ்டில்யோனே டெல்லே ஸ்டிவியேரே அங்கருந்து பக்கம்தான். 2009-ல பெர்காமோ பிஷப் ஆனவரும் ஒரு பெஸ்கி, அவரும் பிரெஷ்ஷாவுல பொறந்தவர். அபூர்வமான பேரோட சௌகரியம் இது, முந்நூறு வருஷம் கழிச்சும் ஊர விட்டு நகரல.

நேர் எதிர் கேஸ் வெனிஸ் பக்கத்துல கியோஜ்ஜான்னு ஒரு மீன்பிடி ஊரு. அங்க யாரக் கேட்டாலும் போஸ்கோலோ இல்ல டியோட்ஸோ. தபால்காரர் பைத்தியம் புடிச்சு ஓடிருவார்னு, ஒவ்வொரு வகையறாவோட பட்டப்பேரையும் அரசாங்கமே பேரோட சேத்து ஐடி கார்டுலயே போட்டுடுச்சு. நம்ம தெக்கத்தி ஊருங்கள்ல வகையறா பேரச் சொன்னாதான் வீடு காட்டுவாங்க இல்லையா, அதே கதை.

ஸ்டெப் 5: பேருக்குப் பின்னாடி ஒரு கதவு இருக்கான்னு பாருங்க

எஸ்போசிட்டோங்கறது லத்தீன்ல 'எக்ஸ்போஸிட்டுஸ்', வெளிய வைக்கப்பட்டவன்னு அர்த்தம். நேப்பிள்ஸ்ல ஃபோர்செல்லாங்கற நெருக்கடியான பேட்டையில அனுன்சியாத்தா சர்ச்சும் அதோட சேந்த குழந்தைகள் இல்லமும் இருக்கு. அதோட சுவத்துல ஒரு ஓட்டை, உள்பக்கம் மரத்துல செஞ்ச உருளை மாதிரி ஒண்ணு, அதுக்கு 'ருவோட்டா'ன்னு பேரு, சக்கரம். வெளிய நிக்கிறவங்க குழந்தைய அதுல வச்சு சுத்திவிட்டா குழந்தை உள்ள போயிடும், யாரு வச்சாங்கன்னு உள்ள இருக்குறவங்களுக்கு மூஞ்சி தெரியாது. உள்ள எடுத்தவங்க குளிப்பாட்டி, பேரெழுதி, கழுத்துல ஈயத்துல அடிச்ச ஒரு வில்லை கட்டிவிடுவாங்க, அந்த இல்லத்துப் பிள்ளைன்னு அடையாளம். அந்தப் பிள்ளைங்களுக்கு நேப்பிள்ஸ்ல 'மாதாவோட பிள்ளைங்க'ன்னு பேரு. அந்தச் சக்கரத்த 1875-ல மூடினாங்க, ஆனா இன்னைக்குப் போனாலும் அந்த எடத்தப் பாக்கலாம்.

அந்தக் குழந்தைங்களுக்கு எஸ்போசிட்டோன்னு பேரு குடுக்குற பழக்கம் அதுக்கு ரொம்ப முன்னாடியே நின்னுடுச்சு. நெப்போலியனோட மச்சான் முரா, 1808-லருந்து 1815 வரைக்கும் நேப்பிள்ஸ ஆண்டவர், அவர் காலத்துல அனாதைன்னு காட்டிக் குடுக்குற ஒரே பேர எல்லாக் குழந்தைக்கும் வைக்கக் கூடாதுன்னு ஆச்சு. அதுக்கப்புறம் வந்த குழந்தைங்களுக்கு ஆளுக்கொரு பேரு, பதிவு எழுதுறவர் மனசுல தோணினது. இதுலருந்து தேடுறவங்களுக்கு ரெண்டு விஷயம் கிடைக்குது. உங்க வம்சம் எஸ்போசிட்டோன்னா சக்கரத்துல வந்த அந்த முதல் ஆள் பெரும்பாலும் 1810-களுக்கு முன்னாடி ஆளு. அடுத்தது, அந்தக் கதவு வழியா வந்த ஒவ்வொரு குழந்தையும் ஒரு தனி வம்சம், அதனால ஆயிரம் எஸ்போசிட்டோ இருந்தா ஆயிரம் பேரும் ஒரே ரத்தம் இல்ல, சொல்லப்போனா பேரு ஒண்ணா இருக்குறதுதான் ரத்தம் ஒண்ணு இல்லங்கறதுக்கு அடையாளம். 1889-ல மார்கரிட்டா பீட்சா போட்டார்னு கதை சொல்லப்படுற ராஃபேலே எஸ்போசிட்டோ, நேப்பிள்ஸ் அப்பாவுக்குப் பொறந்த ஹாலிவுட் நடிகர் ஜியான்கார்லோ எஸ்போசிட்டோ, கனடா ஐஸ் ஹாக்கி அண்ணன் தம்பி ஃபில், டோனி, இவங்க எல்லாரையும் ஒரே மரத்துல தொங்கவிட முடியாது.

மத்த ஊருங்கள்லயும் இதே கதவு உண்டு, பேருதான் வேற. பொலோன்யாவுல டெல்யி எஸ்போஸ்டி. ரோம்ல ப்ரோயெட்டி, தூக்கிப் போடப்பட்டவங்கன்னு அர்த்தம், கேக்கவே கஷ்டமா இருக்கு. ஃப்ளாரன்ஸ்ல புருனெல்லெஸ்கி கட்டின இன்னோசென்ட்டி ஆஸ்பத்திரி 1445-ல முதல் குழந்தைய வாங்குச்சு, அங்கருந்து இன்னோசென்ட்டி, நோசென்டினி. அங்க தாய்மாருங்க சில பேரு ஒரு காசையோ மெடலையோ ரெண்டா உடைச்சு பாதிய குழந்தையோட வச்சுட்டு, மீதிய கையில வச்சுக்குவாங்க, என்னைக்காவது திரும்பி வந்து காட்டலாம்னு. அந்தப் பாதிக் காசுங்க இன்னும் அங்க மியூசியத்துல இருக்கு. மிலன்ல ஆஸ்பத்திரி சின்னம் புறா, அதனால அங்க வந்த குழந்தைங்க கொலம்போ. இதக் கேட்டுட்டு கொலம்பஸும் அனாதைக் குழந்தைன்னு கெளப்பிவிட்றாதீங்க, அவர் ஜெனோவாக்காரர், அவங்க அப்பா நெசவாளர்னு பதிவே இருக்கு. புறாவ வச்சு வந்த பட்டப்பேரு பல ஊர்ல தனியாவே உண்டு.

ஸ்டெப் 6: பதிவேட்டுல இறங்குங்க

இத்தாலி அரசு ஆவணக் காப்பகங்களோட 'ஆன்ட்டெனாட்டி' போர்ட்டல், முன்னோர்னு அர்த்தம், ஃப்ரீ, பதிவேட்டுப் பக்கங்கள ஃபோட்டோவாவே பாக்கலாம். ஃபேமிலிசர்ச்ங்கற சைட்லயும் நிறைய இருக்கு. பேர அடிச்சா எல்லாமே வந்துடும்னு நெனைக்காதீங்க, பல ஊருக்குப் பேரு இன்டெக்ஸ் கெடையாது, கொமூனே, வருஷம், பொறப்பா கல்யாணமா இறப்பான்னு தேர்ந்தெடுத்து பக்கம் பக்கமாப் புரட்டணும். ஒவ்வொரு வருஷப் புத்தகத்துலயும் பெரும்பாலும் கடைசியில ஒரு பேர்ப்பட்டியல் இருக்கும், மொதல்ல அங்க போங்க.

நேப்பிள்ஸ் ராஜ்ஜியத்துல சிவில் பதிவு 1809-ல ஆரம்பிச்சது, சிசிலியில 1820, ஒண்ணுபட்ட இத்தாலிக்கு 1866. அதுக்கு முன்னாடின்னா சர்ச் புத்தகம்தான், 1563-ல ட்ரென்ட் சங்கம்ங்கற கத்தோலிக்க பிஷப்புங்க கூட்டம் ஞானஸ்நானமும் கல்யாணமும் கட்டாயம் எழுதி வைக்கணும்னு சொன்னதுலருந்து. பேருங்க கெட்டிப்பட்டதுக்கும் அது ஒரு முக்கியக் காரணம்.

கையெழுத்தப் பாத்து பயப்படாதீங்க, ஃபார்ம் அச்சடிச்சது, கோடிட்ட எடத்த மட்டும்தான் பேனாவுல எழுதியிருப்பாங்க, பத்துப் பக்கம் பாத்தா கண்ணு பழகிடும்.  'ஜுசெப்பே டி அந்தோனியோ'ன்னா அந்தோனியோ மகன் ஜுசெப்பே, அப்பா உயிரோட இருக்கார். 'டி'க்கு பதிலா 'ஃபு'ன்னு இருந்தா அப்பா காலமாயிட்டார். இந்த ஒத்தை வார்த்தைய வச்சே அப்பாவோட இறப்புப் பதிவ எந்த வருஷத்துக்கு முன்னாடி தேடணும்னு தெரிஞ்சுடும். நம்பர் 7 போட்டு பக்கத்துல 'ப்ரே'ன்னு இருந்தா அது ஜூலை இல்ல, செப்டம்பர், செட்டே-ன்னா ஏழு, செட்டெம்ப்ரே. 8 போட்டா அக்டோபர். நான் ஒரு பொறப்புப் பதிவ ஜூலையில தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போனது இதனாலதான்.

பொண்ணுங்களத் தேடுறது இங்க ஈஸி, கல்யாணத்துக்கு அப்புறமும் பதிவுல அவங்க பொறந்த வீட்டுப் பேருதான். ஆனா ஆம்பளைப் பேருல ஒரு கண்ணி இருக்கு, மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேரு வைக்கிறது அவங்க ஊர் வழக்கம். நம்ம ஊர்ல பேரன்னு சொல்றதே அதுக்குத்தான், அதனால நமக்கு சட்டுனு புரியும். அண்ணன் தம்பி நாலு பேரும் மூத்த பையனுக்கு அந்தோனியோன்னே வச்சா, ஒரே ஊர்ல கிட்டத்தட்ட ஒரே வயசுல நாலு அந்தோனியோ எஸ்போசிட்டோ நிப்பாங்க. அம்மா பேரையும் சேத்துப் பாக்காம எந்தப் பதிவையும் உங்க ஆளுன்னு எடுத்துக்காதீங்க.

எல்லாத்துலயும் பெரிய புதையல் கல்யாணப் பதிவோட இணைப்புகள், தெற்குல 'ப்ரோசெஸ்ஸெட்டி'ன்னு சொல்லுவாங்க. மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேரோட பொறப்பு நகல், அப்பா இறந்திருந்தா அவர் இறப்பு நகல், அப்பா இல்லாத எடத்துல தாத்தா சம்மதம் வேணும்கறதால, தாத்தாவும் இல்லன்னா அவரோட இறப்பு நகலும் இருக்கும். 1830 கல்யாணம் ஒண்ணு கிடைச்சா ஒரே தாவுல 1700-களுக்குப் போயிடலாம்.

காசு புடுங்குற எடம்

வம்சச் சின்னம் விக்கிறவங்ககிட்ட காசு குடுக்காதீங்க. குடும்பப் பேருக்குன்னு பொதுவா ஒரு சின்னம் கெடையவே கெடையாது, இருந்தா ஒரு குறிப்பிட்ட குடும்பத்தோடது, அந்தப் பேரு இருக்குற எல்லாருக்கும் சேராது. போதாததுக்கு இத்தாலியோட 1948 அரசியல் சட்டத்துலயே பிரபுப் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லன்னு எழுதிட்டாங்க. முன்னோரக் காட்டி இத்தாலிக் குடியுரிமை வாங்கத் தேடுறவங்களும் ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ விசாரிங்க, 2025-ல சட்டம் இறுகிடுச்சு, கொள்ளுத்தாத்தாவக் காட்டி இனிமே பெருசா ஒண்ணும் நடக்காது.

நண்பர் கேஸ்ல நாங்க அந்த மலையூருல 1834 கல்யாணம் ஒண்ணோட இணைப்புல போய் நின்னோம். மாப்பிள்ளையோட தாத்தா இறப்பு நகல், 1819-ல, வயசு 58, கூலி விவசாயி. அப்பா அம்மா பேரு எழுதுற எடத்துல 'ஜெனிட்டோரி இன்யோட்டி', பெத்தவங்க யாருன்னு தெரியாது. அந்தக் காலத்துல இறப்புப் பதிவுல வயசு அஞ்சு வருஷம் முன்னப் பின்ன இருக்கும், அதனால 1756-லருந்து 1766 வரைக்கும் அந்த ஊர் சர்ச் ஞானஸ்நானப் புத்தகத்தப் பாக்கணும், அங்க இல்லன்னா அனுன்சியாத்தா பதிவேடு. சர்ச்சுக்கு இத்தாலியன்ல ஒரு லெட்டர் எழுதிப் போட்டிருக்கோம், பாதிரியார் ஒருத்தரே மூணு ஊருக்குப் பாக்குறாராம், பதில் வர நாளாகும். ஸ்க்ரீன்ல அந்த ரெண்டு வார்த்தைய நண்பர் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தார், அப்புறம் 'இன்யோட்டி'ய எப்படிச் சொல்லணும்னு என்கிட்ட கேட்டு ரெண்டு தடவ சொல்லிப் பாத்துக்கிட்டார். போன மாசம் வீடியோ கால்ல பேசினப்ப அவர் பின்னாடி ஹால் சுவத்துல சிங்கம் அப்படியேதான் இருந்துச்சு, பக்கத்துலயே இன்னொரு ஆணி அடிச்சிருந்தார்.